நான்காம் வேற்றுமையில் ஒரு வியாதி

ஆனி மாதத்துக் காலைப் பொழுதொன்றில், ஜவ்வாது மலைமேலுள்ள புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் பேருந்தில் நான் அமர்ந்திருந்தேன். பலாப்பழக் காலமாதலால் ஆசனங்களின் அடியிலும் படிக்கட்டின் ஓரத்திலும் பழங்கள் சாக்கு மூட்டைகளாகக் கிடந்தன. மனிதர்களைக் காட்டிலும் பழங்களே அதிகமாகப் பிரயாணம் செய்கின்றனவோ என்று ஐயுறும்படி வண்டி முழுவதும் அவற்றின் மணம் நிறைந்திருந்தது. எனக்கு முன்னிருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாளும், இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத அவருடைய மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பையன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓசையின்றி உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா, திருப்பத்தூரா? ரெண்டு டிக்கெட்டா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க. பையனுக்கு மனசு செரியில்ல. ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போறோம்" என்றார் அந்த அம்மாள், குரலைத் தாழ்த்தாமலும் உயர்த்தாமலும்.

பின்னாலிருந்த கல்லூரி மாணவர் இருவரில் ஒருவர் மற்றவரிடம், "மெண்டல் கேஸு" என்று மெதுவாகச் சொன்னார். மலைப்பாதை இரண்டு மூன்று வளைவுகள் வளைந்த பின்னர் அந்த அம்மாள் மஞ்சள் பையிலிருந்து மருத்துவமனைச் சீட்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "இன்னைக்குத்தானே வரச்சொல்லி எழுதிக்குது, பாத்துச் சொல்லுங்க சார்" என்று கேட்டார். தேதி சரியாகத்தான் இருந்தது. அதன் மேலே, நீல மையில், 'எஃப் 20' என்று ஒரு குறி மட்டும் எழுதப்பட்டிருந்தது.

ஒரே மனிதனுக்கு ஒரு மலையிறக்கத்துக்குள் மூன்று பெயர்கள்! தாய் இட்டது ஒன்று, வழிப்போக்கர் இட்டது ஒன்று, மருத்துவ சாஸ்திரம் இட்டது ஒன்று. இம்மூன்றையும் எடை போட்டுப் பார்ப்பதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

தாயின் வாக்கியத்திலிருந்து தொடங்குவோம். 'பையனுக்கு' என்பதில் உள்ள 'கு' என்னும் உருபைத் தமிழ் இலக்கணம் நான்காம் வேற்றுமை என்று சொல்லும். உடலுக்கும் உள்ளத்துக்கும் தானாக நேர்வனவற்றையெல்லாம் தமிழர் இந்த உருபைக்கொண்டே சொல்லிப் பழகியிருக்கிறோம்: எனக்குப் பசிக்கிறது, அவளுக்குக் காய்ச்சல் வந்தது, தாத்தாவுக்கு மூச்சிரைக்கிறது. இவ்வாக்கியங்களில் மனிதன் கர்த்தாவாகவும் இல்லை, வியாதியாகவும் இல்லை; வியாதி வந்து சேருகின்ற ஓர் இடமாகவே நிற்கிறான். வந்தது போகவும் கூடும் என்னும் நம்பிக்கை அந்த வாக்கிய அமைப்பிலேயே உறைந்து கிடக்கிறது. நன்னூலார் இவ்வேற்றுமைக்குரிய பொருள்களை அடுக்கும்போது கொடையையும் பகையையும் அடுத்தடுத்து வைத்தார். ஒருவனுக்கு வருவது வரமாயினும் சாபமாயினும் உருபு ஒன்றுதான்.

ஆனால் இந்த உபசாரத்தைத் தமிழ் எல்லா நோய்களுக்கும் செய்வதில்லை. காய்ச்சல் கண்டவனைக் 'காய்ச்சல்காரன்' என்றோ, சளி பிடித்தவனைச் சளிக்காரன் என்றோ யாரும் அழைத்துக் கேட்டதில்லை. குஷ்டம் வந்தவனைக் 'குஷ்டக்காரன்' என்றோம். வலிப்பு வந்தவனை 'வலிப்புக்காரன்' என்றோம். சித்தம் கலங்கியவனைப் 'பைத்தியக்காரன்' என்கிறோம். 'காரன்' என்பது பால்காரன், வண்டிக்காரன், பூக்காரி என்றாற்போல ஒருவருடைய தொழிலையோ உடைமையையோ குறிக்க வந்த விகுதியாகும். பால்காரன் நேற்றும் பால்காரன், நாளையும் பால்காரன். நாம் எந்தெந்த நோய்களைக் கண்டு அஞ்சினோமோ, அந்தந்த நோய்களுக்கு மட்டும் வேற்றுமை உருபை நீக்கிவிட்டு இந்த விகுதியை ஒட்டியிருக்கிறோம் என்பதைக் கவனித்தால், சமூகத்தின் அச்சத்தை அளக்க இதைவிடத் துல்லியமான கருவி வேண்டுவதில்லை என்று தோன்றும்.

இதற்கு நடுவே 'ஆளி' என்று இன்னொரு விகுதியும் உண்டு. நோயாளி என்கிறோம். நோயை அவன் ஆளுகிறானா, நோய் அவனை ஆளுகிறதா என்று கேட்டால் இலக்கணம் அவன் பக்கமே தீர்ப்புச் சொல்கிறது. இது கொஞ்சம் கௌரவமான விகுதிதான். மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை விலக்கி 'மாற்றுத்திறனாளி' என்பதை அரசு வழக்கில் புகுத்தியதும் இந்த விகுதியின் பலத்தைக் கொண்டுதான். புதூர்நாட்டு மக்களும் பெயரளவில் 'ஆளி'களே. அரசாங்கத்தின் பழங்குடிப் பட்டியலில் அவர்களுடைய பெயர் 'மலையாளி'. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்ததாகத் தமிழில் பாரம்பரியக் கதை சொல்லும் இவர்களைக் கேரளத்தார் என்று எண்ணிக்கொள்ளும் சமவெளிக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். மற்றவர் வைத்துக்கொண்ட ஓர் அர்த்தத்தைத் தம் பெயரின்மேல் சுமந்து திரிவது எப்படிப்பட்டது என்பதை அவர்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

இனி, வழிப்போக்கர் இட்ட பெயருக்கு வருவோம். சித்தக் கலக்கத்தைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பெரும்பாலும் வைத்தியசாலையில் பிறந்து தெருவில் வளர்ந்தவையாகும். பித்து, பித்தன், பைத்தியம் ஆகிய யாவும் பித்தம் என்னும் தாதுவின் பெயரிலிருந்து கிளைத்தவை. பித்தம் தலைக்கேறினால் புத்தி பேதலிக்கும் என்பது அக்காலத்து உடற்கூற்றுக் கொள்கை. கிரேக்கரும் இதே வழியில் சென்று, கருமையான பித்தமே துயரத்துக்குக் காரணம் என்று கருதி, 'மெலன்கோலியா' என்ற பெயரை உண்டாக்கினார்கள். அகத்தியர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூல் ஒன்று மனோவியாதிகளைக் 'கிரிகை' என்று பெயரிட்டுப் பதினெட்டு வகையாகப் பிரிக்கிறது. சரக சம்ஹிதை உன்மாதத்தை ஐந்தாகப் பகுத்து, ஐந்தாவதற்கு 'ஆகந்துகம்', அதாவது வெளியிலிருந்து வந்து சேர்ந்தது, என்று பெயர் வைத்தது. பித்தன் என்ற சொல்லோ வசையாக மட்டும் நில்லாமல், திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் சுந்தரர் வாயிலிருந்து வசையாகப் புறப்பட்டு, சிவபெருமானுக்கே திருநாமமாகி, தேவாரத்துக்குள்ளும் ஏறிவிட்டது. வேறு எந்த வியாதியின் பெயருக்கும் இப்படி ஒரு வாழ்வு கிடைத்ததாக நான் அறியேன்.

'மெண்டல்' என்பதன் சரித்திரம் இதற்கு நேர் எதிரானது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1794-இல் சென்னைப் புரசைவாக்கத்தில் வாலண்டைன் கானலி என்ற அறுவை வைத்தியர் சித்தம் கலங்கியோருக்கென ஒரு காப்பகம் நடத்தத் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசாங்கமே அதற்கென ஓர் இல்லத்தைத் திறந்தது. அந்நாளில் அதன் பெயரில் இருந்தது, சந்திரனால் பீடிக்கப்பட்டவர் என்னும் லத்தீன் மூலத்திலிருந்து வந்த 'லூனடிக்' என்ற ஆங்கிலச் சொல். சித்தம் கலங்கியோர் பற்றிய 1912-ஆம் ஆண்டின் சட்டமும் அச்சொல்லையே தாங்கியிருந்தது. அச்சொல் அவமானகரமானது என்று கருதப்பட்டு, இந்தியாவெங்கும் இத்தகைய இல்லங்களுக்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டபோது, 1922-இல் கீழ்ப்பாக்கத்து இல்லம் 'கவர்ன்மெண்ட் மெண்டல் ஹாஸ்பிடல்' ஆயிற்று. ஆகவே, 'மெண்டல்' என்பது இழிசொல்லை ஒழிக்கவேண்டிக் கருணையோடு தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கண்ணியமான சொல்! அதைத்தான் அந்தக் கல்லூரி மாணவர் வளைவுக்கும் வளைவுக்கும் இடையில் துப்பிவிட்டுப் போனார். 1978-இல் அந்த மருத்துவமனை மறுபடியும் பெயர் மாறி மனநல நிலையமாயிற்று. அதற்குள் பலகையின் பெயர் ஒரு பொருட்டாக இல்லாதபடி ஊரின் பெயரே வசையாகிவிட்டிருந்தது. 'கீழ்ப்பாக்கத்துக்குப் போக வேண்டியவன்' என்று சொல்லாத தமிழ்ச் சினிமா விதூஷகன் அரிது. கீழ்ப்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்த என் நண்பர் ஒருவர், விலாசம் சொல்லும்போதெல்லாம் 'கார்டன் பக்கம்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்வார். இலங்கையில், மனநோய் மருத்துவமனை இருக்கும் அங்கொடைக்கும் இதே கதிதான். லண்டனிலோ, 1247-இல் தோன்றிய பெத்லெம் இல்லத்தின் பெயர் மருவிக் கூச்சலுக்கும் குழப்பத்துக்கும் பொதுப்பெயராக ஆங்கில அகராதியில் நிலைத்துவிட்டது.

இதிலிருந்து, பெயரை மாற்றுவது வீண் வேலை என்று முடிவு கட்டத் தோன்றும். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை அசைத்தது மூன்றாவது பெயராகிய 'எஃப் 20'.

அது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்புப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் ஸ்கிஸோஃப்ரீனியாவுக்கு உரிய எண். 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் அதற்கு வேறு எண் கொடுத்துவிட்டார்கள். சர்க்கரை வியாதியை ரத்தத்தில் காணலாம். எலும்பு முறிவை எக்ஸ்ரே படத்தில் காணலாம். இந்த வியாதியை உறுதி செய்வதற்கோ இன்றளவும் ரத்தப் பரிசோதனை ஒன்றும் கிடையாது. நோயாளி சொல்வது, வீட்டார் சொல்வது, வைத்தியர் கவனிப்பது ஆகிய இவற்றை வைத்துத்தான் நிர்ணயம் செய்யப்படுகிறது. மொழியின் மூலம் கண்டறியப்பட்டு, மொழியால் பெயரிடப்படும் வியாதியில், பெயருக்கு மற்ற வியாதிகளில் இல்லாத ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது.

ஜெர்மானியரான எமில் கிரேப்லின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோய்க்கு இட்ட பெயரின் அர்த்தம் 'இளமையிலேயே வரும் அறிவுத் தேய்வு' என்பது. அப்படித் தேய்ந்தே தீருவார்கள் என்பதற்கில்லை என்று கண்ட ஸுவிட்ஸர்லாந்து வைத்தியர் ஆய்கன் பிளாய்லர், 1908-இல், பிளவு, மனம் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'ஸ்கிஸோஃப்ரீனியா' என்று மாற்றினார். சிந்தனையும் உணர்ச்சியும் ஒன்றுக்கொன்று இசையாமல் பிரிந்து நிற்பதையே அவர் பிளவு என்றார். ஒருவனுக்குள் இரண்டு ஆசாமிகள் குடியிருப்பதாக உலகம் அதைத் திரித்துக்கொண்டது. தமிழில் நாம் செய்தது இன்னும் விசேஷம். நம் மருத்துவ வழக்கில் நிலைபெற்றிருக்கும் சொல் 'மனச்சிதைவு நோய்'. இடிந்த கோயிலைச் சிதைந்த கோயில் என்கிறோம். கோரமாக மாண்டவனின் உடலைச் சிதைந்த உடல் என்கிறோம். பிளாய்லர் எந்த அர்த்தத்தை விலக்க வேண்டிப் புதுப் பெயர் செய்தாரோ, அந்த அர்த்தத்தையே நாம் கதவைத் திறந்து உள்ளே அழைத்துவந்து உட்காரவைத்திருக்கிறோம். இத்தனைக்கும் அச்சொல் பொய் என்பதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. 1981-இல் தொடங்கி, முதன்முறையாக இந்நோய்க்கு ஆளான 90 பேரைத் தேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களைப் பின்தொடர்ந்த சென்னை நெடுங்கால ஆய்வில், ஆர். தாராவும் அவருடைய சகாக்களும் கண்டது, நோய் வருவதும் தணிவதும் மீண்டும் வருவதுமான போக்கையே. இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிறுபான்மையினர். அந்தத் தாயின் நான்காம் வேற்றுமை, மருத்துவர்கள் ஆக்கிய கலைச்சொல்லைக் காட்டிலும் உண்மைக்குச் சமீபமாக இருந்தது!

ஜப்பானியர்களுக்கும் இதே சங்கடம் இருந்தது. அவர்கள் மொழியில் இந்நோயின் பெயர் 'மனம் பிளந்த வியாதி' என்று பொருள்பட்டது. 1993-இல் நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம் இந்தப் பெயரை மாற்றித் தரும்படி மனநல மருத்துவர் சங்கத்தை வேண்டிக்கொண்டது. வைத்தியர்கள் ஒன்பது ஆண்டுகள் யோசித்து, 2002-இல், 'ஒருங்கிணைப்புக் குலைவு' என்று பொருள் தரும் பெயரை ஏற்றார்கள். அதன் பலனை அளந்தவர்கள், தெருவில் ஏச்சு குறைந்ததா என்று மட்டும் பார்க்கவில்லை; வைத்தியர்கள் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்கிறார்களா என்று பார்த்தார்கள். பெயர் மாறிய ஆண்டில் 36.7 சதவீதம் நோயாளிகளுக்கே தம் நோய் இன்னதென்று சொல்லப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்குள் அது 69.7 சதவீதமாக உயர்ந்தது. முகத்துக்கு நேரே சொல்ல வாய் கூசிய பெயரை வைத்தியர்கள் மறைத்து வந்திருக்கிறார்கள். சொல்லத் தகுந்த பெயர் கிடைத்ததும் சொல்லத் தொடங்கினார்கள். நோயின் பெயர் தெரிந்த நோயாளியோடுதான் வைத்தியர் மாத்திரையைப் பற்றி வாதம் செய்யமுடியும். தென்கொரியர்கள் பின்னால் வந்து, வீணையின் தந்தியைச் சுருதி கூட்டுவதைப் போன்ற உவமையில், 'இசைவுக் குலைவு' என்ற கருத்துடைய பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். சுருதி கலைந்த வீணையை மறுபடி கூட்டலாம். சிதைந்ததை என்ன செய்வது? தமிழ்க் கலைச்சொல்லாக்கக்காரர்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் இந்தக் கேள்வியை அவர்கள் முன் வைத்துவிட்டு மேலே செல்கிறேன்.

சொல் கேட்பவனை என்ன செய்கிறது என்பதற்கும் பரீட்சைகள் உண்டு. அமெரிக்காவில் டார்சி கிரானெல்லோவும் டாட் கிப்ஸும் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்லூரி மாணவர், பொதுமக்கள், உளநல ஆலோசகர் என மூவகையினராக ஏறக்குறைய 700 பேரிடம் ஒரே கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. பாதிப் பேருடைய தாளில் மனநோயைக் கொண்டே மனிதரைக் குறிக்கும் தொகுப்பெயர்; மறுபாதியில் 'மனநோய் உடைய மனிதர்கள்' என்ற தொடர். தொகுப்பெயரைப் படித்தவர்கள் சகிப்புக் குறைந்தவர்களாகவும், அத்தகையோரைச் சமூகம் தள்ளிவைக்கலாம் என்பதற்கு அதிகம் இணங்கியவர்களாகவும் காணப்பட்டார்கள். ஆலோசகர்களும் அதற்கு விலக்கல்லர். இதைவிடப் பெரும் பிரசித்தி பெற்றது 1973-இல் டேவிட் ரோஸன்ஹான் வெளியிட்ட கதை: நோயில்லாதவர்கள் பொய்க்குரல் கேட்பதாகச் சொல்லி மருத்துவமனைகளில் சேர்ந்து, அதன்பின் இயல்பாக நடந்துகொண்டும் நோயாளிகளாகவே கருதப்பட்டார்கள் என்பது. அதை வகுப்பறைகளில் வேதம் போல ஓதிவந்தார்கள். 2019-இல் ஸூஸன்னா கஹாலன் என்னும் பத்திரிகையாளர் மூல ஆவணங்களைத் துருவி, அக்கதையின் பல பகுதிகள் சந்தேகத்துக்கு இடமானவை என்று காட்டினார். ஆதலால் அதை நான் சாட்சிக் கூண்டில் ஏற்றப்போவதில்லை.

மேனாட்டார் இதற்குக் கண்ட பரிகாரம், வாக்கியத்தில் மனிதனை முன்னும் நோயைப் பின்னும் வைப்பது. அதை அப்படியே தமிழில் பெயர்த்தால் வேடிக்கையாக முடியும். தமிழில் அடைமொழி எப்போதும் முன்னால்தான் வரும். 'மனநோயுள்ள மனிதர்' என்றாலும் நோய்தான் முந்திக்கொள்கிறது. 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' என்று பத்திரிகைகள் எழுதும் நாகரிகச் சொல்லிலோ, மனிதர் 'அவர்' என்னும் ஒரு வாலாகக் குறுகிக் கடைசியில் தொங்குகிறார். மனிதனை முன்வைக்கும் வழி நம்மிடம் வேறாக, வெகு பழையதாக இருக்கிறது: அவருக்கு மனநோய் இருக்கிறது, அவ்வளவுதான். எழுத்தறியாத மலைப்பெண்ணுக்குக் கைவந்த இந்த வாக்கியத்தை மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் தேடிப்போக வேண்டியதில்லை.

நோயை வெளியிலிருந்து வந்த ஒன்றாகப் பேசும் மொழி எப்போதும் தருமம் செய்யும் என்றும் நான் சாதிக்க மாட்டேன். காற்று கருப்பு அண்டியது, பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்பனவும் அந்த இலக்கணத்தின் பிள்ளைகளே. வேலூரில், இந்நோய் புதிதாகக் கண்ட 131 பேரிடம் விசாரித்த ஆராய்ச்சி ஒன்றில், 70 சதவீதம் பேர் தெய்வ, மாந்திரீகக் காரணங்களையே சொன்னார்கள். 22 சதவீதம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை ஒருங்கே வைத்துக்கொண்டிருந்தார்கள். பேய் பிடித்தவன்மேல் குற்றமில்லை என்பதால் குடும்பம் அவனைக் கைவிடாது. ஆனால் பேயை ஓட்டச் சங்கிலியும் கொண்டுவரும். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தோரை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அவர்களையும் 'இவனுக்குப் பிடித்திருக்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லித்தான் அங்கே விட்டுச் சென்றிருப்பார்கள். குடும்பத்தின் நேசத்தையும் வைத்தியத்தையும் ஓரிடத்தில் சேர்க்கமுடியும் என்பதற்கு வேலூருக்கு அருகே பாகாயத்தில் உதாரணம் இருக்கிறது. கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1957-இல் அங்கே தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு அவருடைய வீட்டார் ஒருவரும் கூடவே தங்கவேண்டும் என்பது வழக்கம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஒருவர் முன்பு மனநோய்க்குச் சிகிச்சை பெற்றார் என்ற ஒன்றை மட்டும் வைத்து, இப்போதோ இனிமேலோ அவருக்கு மனநோய் உண்டென்று தீர்மானிக்கலாகாது என்கிறது. 'காரன்' விகுதியை ஒரு பாராளுமன்றம் சட்டமியற்றி நீக்கிய இடம் என்று அதை நான் படிக்கிறேன். ஆயினும் அரசியலமைப்பின் 326-ஆம் விதி, வாக்குரிமை மறுக்கப்படுவதற்குரிய காரணங்களுள் 'சித்த சுவாதீனமின்மை'யை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது.

அன்று மாலை, வேலை முடித்துத் திருப்பத்தூர்ப் பேருந்து நிலையத்துக்குத் திரும்பியபோது, மலைக்குப் போகும் அதே வண்டி புறப்படக் காத்து நின்றது. தாயும் மகனும் முன்னமேயே ஏறியிருந்தார்கள். மாத்திரைகள் கிடைத்தனவா என்று கேட்டேன், கிடைத்தன என்றார். காலையில் என் காலடியில் கிடந்த சாக்கு மூட்டைகளில் இரண்டு அவர்களுடையவை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பழங்களைச் சந்தையில் இறக்கி, விலை பேசி விற்றவன் அந்தப் பையன்தானாம். வெறும் சாக்குகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, காலையில் போலவே ஜன்னலோரத்தில், உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தான்.

காலையில் வந்த அதே கண்டக்டர் சீட்டுக் கிழித்துக்கொண்டே அருகில் வந்து, படியோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சாக்கு ஒன்றைக் காலால் ஒதுக்கினார்.

"பலாப்பழக்காரரே, இந்தக் கோணி உங்களுதா பாருங்க" என்றார்.

பையன் திரும்பிப் பார்த்தான்.

"எங்களுது இல்லீங்க. எங்களுது ரெண்டும் இங்க கீது" என்றான்.